தண்ணீர் குடித்த கல்

பேச்சைத் தொடங்க ஏதாவது வேண்டுமே என்று, "இந்த ஊர்த் தண்ணி நல்லா இனிக்குது மேடம்" என்றேன். பாகூர் பக்கம் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிது. பக்கத்து வீட்டு கேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"இனிக்கல சார். உப்பு கம்மி. இனிப்புன்னு அதுல ஒண்ணும் கெடையாது."

என் முகம் எப்படிப் போயிற்றோ, "ஆனா நல்ல தண்ணி. தைரியமா குடிங்க" என்று ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல வருடம் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அத்தனை காலத்தில் நான் சொன்னவற்றில் அவர் திருத்தாமல் விட்டது எது என்று யோசித்தால், என் பெயரும் என் மனைவியின் பெயரும்தான் நினைவுக்கு வருகின்றன. என் வயதைக்கூட ஒருமுறை திருத்தினார். சரியாகத்தான் திருத்தினார்.

ஊரில் அவரைக் 'கல்லு மேடம்' என்பார்கள். நிலத்தடி நீர் பார்க்கும் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போர் போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று கம்பியும் பெட்டியுமாக வயலில் நின்று சொன்னவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயில் மணி அடித்தால் பாதி ஊர் எழுந்து பூசைக்குப் போகிற ஒரு சின்ன ஊர் அவருடையது. இப்போது பிரான்சில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே யாரைத் திருத்திக்கொண்டிருக்கிறாரோ, அதுவும் பிரெஞ்சில்.

சிலரால் சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டரை நேராக்காமல் தாண்டிப்போக முடியாது. மேடத்தால் ஒரு தப்பான வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கோபமாக எல்லாம் சொல்ல மாட்டார். குரல் உயராது. தூக்கத்தில் பேசுகிறவர் போல, எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொல்வார். அதுதான் கேட்கிறவருக்கு இன்னும் சங்கடம். சண்டை போடுகிறவர் என்றால் திருப்பிச் சண்டை போடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர், பாறை அசையாமல் இருப்பதுபோல நாமும் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். பூசை முடிந்து வாசலில் எல்லாரும் கைகொடுத்துக்கொண்டிருக்கும்போது இவர் போய், "பாறை அசையும் ஃபாதர். நகம் வளர்ற வேகத்துல நகர்ந்துகினேதான் இருக்குது. நாம நிக்கற தரையும் அப்டித்தான் வடக்க பாக்கப் போவுது" என்றார். ஃபாதர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டதாக மேடமே சொன்னார்.

நான் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் எழுதியதைப் பிரதி எடுத்துக்கொடுத்துப் பிழைக்கிறவன், ஒழிந்த நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை என்று நானே எதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவேன். வந்த ஒன்றை ஒரு நாள் மேடத்திடம் கொடுத்துவிட்டு, சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று மதிலுக்கு இந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். சாயங்காலம் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்டி மேடம்?"

"மூணாவது பாரா வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க சிரிக்கறது மட்டும் கேக்குது."

அன்றைக்கு என் மனைவி பக்கத்து வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். எதற்கு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

எதிர் வீட்டுக்காரர் விஷயம் இவ்வளவு லேசாகப் போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மகன் அம்மாவுக்குப் பச்சைக்கல் வளையல் ஒன்று வாங்கி வந்திருந்தான். ஜேடு. தெருவே கூடிப் பார்த்தது. மேடம் வளையலைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் தடவினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குது. ஆனா ஜேடு இல்ல. செர்பென்டைன். பேனாக்கத்தியால லேசா இழுத்தா கோடு விழும். ஜேடுல விழாது."

யாரும் கத்தி கொண்டுவரவில்லை. அந்த அம்மாள் வளையலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மேடம் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நான் அழகா இருக்குதுன்னுதானே சொன்னேன்? எங்கிட்டயும் அதே கல்லுதான் கீது."

அது உண்மை. அதை எனக்குக் காட்டியது ஒரு கோடைப் பிற்பகலில். கரண்ட் போயிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல ஊர்மேல் படிந்திருந்தது. கிரில் போட்ட வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்துபோன குளியல் சோப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அளவு, அந்த வழவழப்பு.

"புடிங்க" என்றார்.

வாங்கினேன். எண்ணெய் தடவியதுபோல இருந்தது. கையைப் பார்த்தால் எண்ணெய் இல்லை. பச்சை என்று சொல்லிவிட முடியாத நிறம். வாழைத்தண்டின் வெளிர்பச்சையில் தொடங்கி, குளத்துப் பாசியின் கரும்பச்சைவரை திட்டுத்திட்டாக, நடுநடுவே கறுப்பு ரேகை. பாம்பு ஒன்று சுருண்டு படுத்து, அப்படியே தூங்கிப்போய், தோல் மட்டும் கல்லில் ஒட்டிக்கொண்டதுபோல.

"வெளிம்ப வெய்யில்ல காட்டிப் பாருங்க."

மெலிந்திருந்த ஓரத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். கல்லுக்குள் வெளிச்சம் இறங்கியது. பாகூர் ஏரியின் அடியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் பகல் இப்படித்தான் தெரியும் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. மேடம் பேசிக்கொண்டிருந்தார். படிக்கிற காலத்தில் சேலத்துப் பக்கம் டூர் போனபோது, சுண்ணாம்புக் கரட்டில் பொறுக்கியது. முதலில் இது வேறு கல். பூமிக்கு அடியிலிருந்து வந்தது. கெட்டியானது, கனமானது, முரட்டுத்தனமானது. எப்போதோ அதன்மேல் தண்ணீர் கசிந்தது. சும்மா நனைக்கவில்லை. கல் அந்தத் தண்ணீரைக் குடித்தது. குடித்துக் குடித்து ஊதி, மிருதுவாகி, கனம் குறைந்து, பச்சையாகி இப்படி ஆகிவிட்டது.

"எட்டுல ஒரு பங்கு தண்ணி சார் இது. தொட்டா ஈரம் இருக்காது. பொடி பண்ணி ஒரு குழாய்ல போட்டு நல்லா சுட வச்சா, குழாய் மேல முத்து முத்தா தண்ணி வேர்த்து நிக்கும்."

"எத்தன வருஷத்துத் தண்ணி மேடம்?"

"அத நெனச்சா எனக்குத் தாகமே எடுக்காது" என்றார். அவர் சொல்லி நான் கேட்டவற்றிலேயே திருத்த முடியாத ஒரு வாக்கியம் அது.

இந்தக் கல்லுக்கு ஒரு தங்கை உண்டு என்பார். அதே மக்னீசியம், அதே சிலிக்கா, அதே தண்ணீர்தான். ஆனால் பட்டு நூல்போல நார் நாராய்ப் பிரியும், நெருப்பில் போட்டாலும் எரியாது. அதைச் சிமெண்டில் கலந்துதான் நம் ஊர்க் கொட்டாய்கள்மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாகப் போட்டிருக்கிறார்கள். அக்கா கையில் உட்கார்ந்திருப்பாள், தங்கை தூசியாகி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள் என்பார். யாராவது பழைய ஷீட்டை உடைத்தால், குடத்துத் தண்ணீரோடு ஓடிப்போய், "நனைச்சிட்டு ஒடைங்கப்பா" என்று அதன்மேல் ஊற்றிவிட்டு வருவார். ஊரில் இதையும் ஒரு வேண்டுதல் என்று நினைத்தவர்கள் உண்டு.

ஊரின் நினைப்புதான் பிறகு வினையாயிற்று. பாம்புத்தோல் போல ஒரு கல் மேடம் வீட்டில் இருப்பது பால்காரர் மூலம் வெளியே போனது. ஒருநாள் காலை அவர் தன் மாட்டைப் பூச்சி எதுவோ கடித்துவிட்டது என்று, விஷத்தை இறக்கக் கல்லை ஒருதரம் வைத்து எடுக்கக் கேட்டு வந்தார். கூடவே ஏழெட்டுப் பேர்.

"இது விஷத்த எடுக்காது. சாதாரண கல்லு" என்றார் மேடம். யாரும் நம்பவில்லை. அப்படியானால் காட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். அவரிடம் இருந்த ஒரே பலவீனம், நிரூபித்துவிட்டால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்கிற நம்பிக்கை.

வராந்தாவில் ஸ்டூல் போட்டார். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தார். கல்லை நூலில் கட்டி, தராசில் தொங்கவிட்டு, தண்ணீரில் முக்கி எடுத்தார். நகத்தால் கீறினார், கோடு விழவில்லை. கத்தியால் கீறினார், விழுந்தது. பீங்கானில் தேய்த்தார், வெள்ளையாகப் பொடி வந்தது. ஒரு சொட்டு ஆசிட் விட்டார். சுண்ணாம்புக் கல் மாதிரி நுரைக்கவில்லை. கழுவித் துடைத்து நாக்கில் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. "விஷத்த உறிஞ்சற கல்லுன்னா நாக்குல பச்சக்குனு ஒட்டணும். பாருங்க, ஒட்டல." கடைசியாக, எங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் அதன் சேர்மானத்தைச் சொன்னார். மக்னீசியம். சிலிக்கேட். ஹைட்ராக்சில்.

கூட்டத்தில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

விளக்கு, தண்ணீர், வெள்ளைப் பொடி, புரியாத பாஷையில் மூன்று வார்த்தை. இதைவிட ஒழுங்கான பூசையை நான் பார்த்ததில்லை. பால்காரர் அந்த டம்ளர் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாடு சாயங்காலம் எழுந்து வைக்கோல் தின்றது. அது தானாகவே எழுந்திருக்கும் என்று மேடம் தெருத்தெருவாகச் சொன்னார். எவ்வளவுக்கெவ்வளவு சொன்னாரோ, அவ்வளவுக்கவ்வளவு கல்லுக்குப் பேர் வந்தது. தன் பெருமையைத் தானே மறைக்கிறவர் என்று அவருக்கும் வந்தது.

அந்த வருடக் கரும்பு வெட்டில்தான் அஞ்சலையைப் பாம்பு கடித்தது.

அஞ்சலை எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருந்தவள். முப்பது வயதிருக்கும். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போவாள். வாய் ஓயாது. மேடத்தையே கிண்டல் செய்கிற தைரியம் ஊரில் அவளுக்குத்தான் இருந்தது. "இன்னா மேடம், இன்னைக்கு யார திருத்தனீங்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்கே போவாள்.

மத்தியானம் அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முன்னால் அவள் புருஷன் கதிர். கண்ணாடி விரியன். சருகோடு சருகாய்க் கிடந்ததை மிதித்துவிட்டாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. சுற்றிலும் வீங்கத் தொடங்கியிருந்தது. மேடம் வீட்டு கேட்டுக்கு முன்னால் அவளை இறக்கினார்கள்.

"மேடம், கல்ல எடுத்தாங்க!" என்று கத்தினான் கதிர்.

"ஆட்டோவக் கூப்டுங்க" என்றார் மேடம் என்னைப் பார்த்து. கூப்பிட்டேன். அவர் ரோட்டிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, அஞ்சலையின் காலை நேராக நீட்டி வைத்தார். துண்டை முறுக்கிக்கொண்டு வந்தவனிடம், "கட்டாத. கீறாத. ஒண்ணும் பண்ணாத" என்றார். "பிள்ளையார்குப்பம் பக்கத்துலதான். பெரிய ஆஸ்பத்திரி. ஊசி கீது. பொழச்சிக்குவா."

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சலை எட்டி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். எங்கண்ணன் போனான். துணியில சுத்தித்தான் வூட்டுக்கு வந்தான்."

பாம்பு கடித்த அவள் அண்ணனைக் காலையெல்லாம் மந்திரிக்கிறவர் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, வாயில் நுரை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் கணக்கில் மந்திரித்தபோது அண்ணன் உயிரோடு இருந்தான், ஆஸ்பத்திரியில் செத்தான். இரண்டு பேர் இழுத்தும் கையை விடவில்லை. ஆட்டோ வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இழுக்க இழுக்கக் கால் உதறியது. "இழுக்காதீங்க, கால் ஆடக்கூடாது" என்று கத்தினார் மேடம். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

எல்லாரும் கையை எடுத்தார்கள். அஞ்சலை மேடத்தின் முகத்தையே பார்த்தாள்.

"மேடம். நீங்க சொல்லுங்க. அந்தக் கல்லு வெஷத்த இழுக்குமா?"

வெட்டாமல் நின்ற கரும்பில் பூத்திருந்தது. காற்றில் அந்தப் பூ, பஞ்சு பஞ்சாய், அவசரமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஆட்டோ எஞ்சின் ஓடும் சத்தம் எங்கோ அடுத்த ஊரில் கேட்பதுபோல இருந்தது. பதில் எனக்குத் தெரியும். ஃபாதருக்கும் எதிர் வீட்டு அம்மாளுக்கும் எனக்கும் கிடைத்த அதே பதில்தான் வரப்போகிறது. அதை அவர் சொல்லி முடித்ததும் இந்தப் பெண் இங்கேயே சாகப்போகிறாள். மேடத்தின் உதடு பிரிந்தது. மூடியது.

"இழுக்கும்" என்றார்.

ஒரு நொடி கழித்து, "ஊசியோட சேந்துதான் இழுக்கும். கல்லு கையில இருக்கணும், கால ஆட்டக்கூடாது" என்றார்.

அஞ்சலை இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"தூக்குங்க" என்றாள்.

ஆட்டோவில் பின்னால் கதிர் மடியில் அவள் தலை, மேடம் மடியில் அவள் கால். நான் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் கரும்பு, பிறகு நெல், பிறகு மறுபடி கரும்பு. பச்சை விலகி விலகி வழிவிட்டது. கல் அஞ்சலையின் உள்ளங்கையில் இருந்தது. அவள் கண் செருகும்போதெல்லாம் மேடம் அவள் கையை மூடிப் பிடித்துப் பேசினார். கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வார்களே, ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வதுபோல, அந்த ராகத்தில்.

"இது எண்ணெ தடவனாப்ல இருக்கும். தெரியுதா?"

"ம்."

"நகத்தால கீறனா கோடு விழாது."

"ம்."

"தண்ணியவிட ரெண்டர மடங்கு கனம். கையில தெரியுதா கனம்?"

"ம்."

"பூமிக்கு அடியில பொறந்தது. தண்ணிய குடிச்சி பச்சையாச்சு. உள்ள இன்னும் தண்ணி கீது."

"தாவமா கீது மேடம்."

"தெரியும். அங்க போய்க் குடிக்கலாம். கல்ல வுடாத."

வழியெல்லாம் அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஒரே ஒரு பொய்க்கு அத்தனை உண்மையால் பரிகாரம் செய்துகொண்டு வந்தார் என்று எனக்குத் தோன்றியது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நகைச்சுவை எழுத்தாளன் எதற்கும் உதவாத இடங்களில் ஆட்டோவின் முன் சீட்டும் ஒன்று.

ஊசி போட்டார்கள். சிறுநீர் இறங்கவில்லை என்று இரண்டு நாள் எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். இறங்கிற்று. மேடம் வார்டுக்கு வெளியே பெஞ்சைவிட்டு நகரவில்லை. நான் கொண்டுபோன இட்லியைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், "நான் சொன்னது தப்பு" என்றார்.

"உயிர் பொழச்சிருக்கு மேடம்."

"அது வேற. இது வேற." அந்த ஞாயிறு, பொய்யை ஃபாதரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்தார். "ஃபாதர் சின்ன பரிகாரம்தான் குடுத்தாரு. ரொம்ப சந்தோஷமா இருந்தாரு" என்றார் வருத்தத்தோடு.

ஊர் சும்மா இருக்குமா? கல் விரியன் விஷத்தையே குடித்துவிட்டது என்று காட்டேரிக்குப்பம் வரை பேச்சு. கேட்டில் மஞ்சள் கட்டிவிட்டுப் போனார்கள். மேடம் ஒவ்வொன்றையும் அவிழ்த்தார். ஆனால் முன்போல வாய் திறந்து மறுக்கவில்லை. மறுக்க வாயெடுத்தால் தன் வாயாலேயே சொன்ன அந்த ஒரு வார்த்தை குறுக்கே வந்து நின்றது. தெருவில் என்னென்னவோ தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டு போனார்கள். அவர் வராந்தாவில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கூட ஒருநாள் வேண்டுமென்றே, "இன்னைக்கு மழ வரும் மேடம், எறும்பு மேல ஏறுது" என்றேன். "வரட்டும்" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

அஞ்சலை நன்றாக நடக்கத் தொடங்கியதும் ஒரு சாயங்காலம் தட்டில் வாழைப்பழம், தேங்காய், பூவோடு வந்தாள். கதிரும் வந்தான். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், செடி ஏற்கெனவே மூழ்கியிருந்தது.

மேடம் தட்டை வாங்கவில்லை.

"ஒக்காரு அஞ்சல. ஒண்ணு சொல்லணும். கல்லு ஒண்ணும் பண்ணல. ஊசிதான். நான் ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

கதிர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான். அஞ்சலை தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அது எனுக்கு அப்பவே தெரியுமே."

"இன்னா தெரியும்?"

"அந்தக் கல்லு ஒண்ணும் பண்ணாதுன்னுதான் ஊர் பூரா தொண்ட கிழிய நீங்க சொன்னீங்களே. யாருக்காவ நீங்க ஒரு வார்த்த மாத்திச் சொல்லி நான் கேட்டுக்கீறேன்? சாமியாரயே வுடலியே நீங்க. அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்து 'இழுக்கும்'னீங்கோ பாருங்க, எனுக்கு ஒடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. மேடமே பொய் சொல்றாங்கோன்னா நம்ப கத இன்னையோட முடிஞ்சிதுடீ, வா, இன்னா ஊசியோ அதப் போட்டுக்கலாம்னுதான் தூக்கச் சொன்னேன்."

கையில் எதையோ தேடுவதுபோல மேடத்தின் விரல்கள் மடங்கின, விரிந்தன. அவருக்குத் திருத்த அதில் ஒன்றும் இல்லை.

அஞ்சலை ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

"இனிமே மட்டும் பொய் கிய் சொல்லாதீங்க மேடம். ரொம்ப பயமா கீது."

"சொல்லமாட்டேன்" என்றார் மேடம்.